சித்தப்பா போட்ட ஆறு புள்ளி

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை பின்னேரம் என்றால் பரீட்சை நாள். பரீட்சை எழுதினவர்கள் ஒருவரும் அங்கே இருக்கமாட்டார்கள். திருத்துகிறவர்கள் மட்டும் வந்து, சப்பாத்தைக் கதவடியில் கழற்றிவிட்டு, தேத்தண்ணி கேட்பார்கள்.

இத்தாலியில், பலெர்மோவில் வீட்டுவேலைக்குப் போகிற எங்கள் சனத்துக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை கோயிலோடும் சாமத்தியச் சடங்கு வீடுகளோடும் போய்விடும். வியாழன் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கபோச் சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழே மீன்காரர்கள் கத்த, மேலே அப்பாவின் கூட்டாளிகள் அவர்களுக்குக் குறையாமல் கத்துவார்கள். விஷயம் எப்போதும் ஒன்றுதான். ரோஸ் நிறச் சட்டை போட்டு விளையாடும் எங்கள் நகரத்து உதைபந்தாட்ட அணி புதிதாக யாரைப் பிடித்து வந்திருக்கிறது, அவன் தேறுவானா மாட்டானா?

அப்பா ஒரு வயதான சிஞ்ஞோரேயைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அந்த மனிதர் படித்து முடித்த விளையாட்டுப் பத்திரிகை இரண்டு நாள் பழசாகி எங்கள் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்த பிறகும் அதில் ஆட்டக்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுகிற மாதிரியே பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டிருப்பார்கள். ஆறு எடுத்தால் பாஸ், அதற்குக் கீழே என்றால் மானம் போய்விடும். பக்கத்தில் ஒரு வரியில் காரணமும் இருக்கும். கூட்டாளிகள் எல்லாருக்கும் இத்தாலியன் கதைக்க வரும், வாசிக்க வராது. ஆகவே ஒன்பது வயதில் நான் அந்தச் சபையின் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். இது சாதாரண பதவியில்லை. கதிரையில் எனக்கென்று ஒரு தலகணி போட்டிருந்தார்கள்.

பதவி கிடைத்தால் கொஞ்சம் கைவரிசை காட்டத்தானே வேண்டும். "மந்தமாக ஆடினார்" என்று பத்திரிகை எழுதியிருந்தால், "மாடு மாதிரி நிண்டவராம், அவரைச் சுத்திப் புல்லுத்தான் முளைக்கேல்லையாம்" என்று நான் சொல்வேன். சபை உருண்டு பிரண்டு சிரிக்கும். பலெர்மோப் பத்திரிகைக்காரர்களின் நகைச்சுவையை அப்பா ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டு திரிந்தார்.

பத்திரிகையின் புள்ளியைக் கேட்ட பிறகு அவரவர் தங்கள் புள்ளியைப் போடுவார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த கடைக்கார மாமா நாலுக்கு மேல் போட்டதை நான் பார்த்ததில்லை. மொரீசியஸ் மாமா அரை அரையாகத்தான் போடுவார். அஞ்சரை, ஆறரை. அவருடைய முன்னோர்கள் தமிழர்கள். தமிழில் அவருக்குத் தெரிந்தது பாதித் தேவாரமும் முழுச் சாப்பாட்டுப் பெயர்களும்தான். ஆனால் "அரை" என்ற சொல்லை மட்டும் எங்களைவிட அழகாகச் சொல்வார். அப்பா சபையின் மனநிலையைப் பார்த்து நடுவில் ஒன்றைச் சொல்லிவிடுவார்.

சித்தப்பா ஆறு போடுவார். கோல் அடித்தவனுக்கும் ஆறு, கோலைக் கோட்டைவிட்டவனுக்கும் ஆறு. சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. சண்டை முடிந்த பிறகு வன்னியிலிருந்து எந்தெந்த வழியாலோ வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் மடிக்கிற கட்டிலில் படுத்தவர். வந்த புதிதில் ஒருநாள், "எத்தினை எடுத்தா பாஸ் பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். ஆறு என்றேன். "அப்ப ஆறு காணும்," என்றார். அன்றிலிருந்து ஆறுதான். கடைக்கார மாமா அவரைத் திருத்தப் பார்த்துக் களைத்துப்போய், "தம்பி வாத்தியாரா இருந்திருந்தா ஒரு பெடியனும் ஃபெயிலாயிருக்க மாட்டான்," என்று சொல்லி விட்டுவிட்டார். எனக்கோ எரிச்சலாக இருக்கும். வகுப்பில் எட்டும் ஒன்பதும் வாங்குகிற பிள்ளைக்கு ஆறைக் கண்டால் ஒரு இளக்காரம் வரும்தானே.

சித்தப்பாவின் விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இங்கே தஞ்சம் கேட்டிருந்தார். கொமிசியோனே என்று ஒன்று அவரைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டது. முடிவு வரவேண்டும். சம்மதித்தால் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி கிடைத்து அவர் இருப்பார், மறுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரெலிபோன் அடித்தால் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பாள். விசாரணைக்குப் போய்வந்த அன்று என்ன கேட்டார்கள் என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். "கேட்டவை, சொன்னன். நான் சொன்னதை அந்த மொழிபெயர்ப்பாளர் என்னெண்டு சொன்னாரோ தெரியாது," என்று மட்டும் சித்தப்பா சொன்னார். நான் இதற்கெல்லாம் பெரிதாகக் கவலைப்படவில்லை. சித்தப்பா நல்லவர், நல்ல பிள்ளைகள் பாஸாகும், கதை முடிந்தது என்று வைத்திருந்தேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவர் சியாகுல்லித் தோட்டங்களுக்கு மண்டரின் பழம் பிடுங்கப் போனார். விடிய முதலே ஸ்தாசியோனேயடியில் வான் வந்து ஏற்றிக்கொண்டு போகும். பின்னேரம் ஒரு பை நிறைய பழத்தோடு வருவார். வீடே மணக்கும். தோலை மடித்து நசுக்கினால் ஒரு நீர் தெறிக்கும், அதை என் முகத்துக்கு நேரே பிடித்து விளையாட்டுக் காட்டுவார். கண்ணில் பட்டால் உயிர் போகிற மாதிரி எரியும். "பழம் உரிச்ச கையாலை கண்ணைத் தொடாதை," என்று அம்மா அந்த மாதம் முழுக்க என்னை ஏசிக்கொண்டிருந்தாள்.

தை மாதக் கடைசியில் அணி ஒரு புதுப் பெடியனைக் கொண்டு வந்தது. வெயில் நாடு ஒன்றிலிருந்து வந்த நல்ல உயரமான பெடியன். அவனுடைய பெயர் எங்கள் வாயில் நுழையாததால் கடைக்கார மாமா அவனுக்கு நெட்டையன் என்று பெயர் வைத்தார். முதல் ஆட்டத்தில் நெட்டையன் மழைச் சேற்றில் வழுக்கி வழுக்கி விழுந்தான். பத்திரிகை நாலரை போட்டது. மாமா மூன்று போட்டார். சித்தப்பா வழக்கம்போல ஆறு. "அவன் வந்து ரெண்டு கிழமைதானே. காலிலை குளிர் ஏறியிருக்கும். இன்னும் பாப்பம்," என்றார். ஒரு ஆட்டக்காரனைப் பற்றி அவர் அவ்வளவு நீளமாகக் கதைத்ததே அன்றுதான்.

அடுத்த ஆட்டத்துக்குச் சித்தப்பாவும் நானும் நேரிலேயே போனோம். சிஞ்ஞோரேயின் மகன் குடும்பத்தோடு போக எடுத்த டிக்கெட், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்ததால் எங்கள் பெயருக்கு மாறி வந்தது. ஞாயிறு என்றாலும் அன்று அப்பாவுக்குச் சிஞ்ஞோரேயை விட்டு வர முடியவில்லை. விளையாட்டரங்கு பெல்லெக்ரினோ மலையின் அடிவாரத்தில் இருந்தது. அம்மாவும் எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்தாள். மலைமேல் இருக்கிற ரொசாலியா மாதாவுக்குச் சித்தப்பாவின் பெர்மெஸ்ஸோவுக்காக நேர்த்தி வைத்திருந்தாள். அடிவாரத்தில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, "பிள்ளையைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ தம்பி," என்று சொல்லி வெறுங்காலோடு ஏறிப்போனாள். முருகனுக்கும் மாதாவுக்கும் ஒரே கோரிக்கையைக் கொடுத்து வைப்பதில் அவளுக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

நெட்டையன் அன்று செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. கோல்காரன் விழுந்து கிடக்கிறான், வலை திறந்து கிடக்கிறது, பந்து காலடிக்கு வருகிறது. அவன் அடித்த அடியில் அது மலையைப் பார்த்துப் போனது. அம்மாவே பிடித்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் அவனை வெளியே கூப்பிட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு கோட்டுக்கு வர, அரங்கு முழுக்க விசில். இத்தாலியில் விசில் என்றால் ஊளையிட்டுத் துரத்துகிற மாதிரி. நானும் எனக்குத் தெரிந்த அளவில் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினேன்.

அப்போது சித்தப்பா எழுந்து நின்று கைதட்டினார்.

எங்கள் பக்கத்தில் வேறு ஒருவரும் தட்டவில்லை. அவர் கறுத்த ஜாக்கெட்டோடு, பழக்கறை போகாத கைகளால், அவசரமில்லாமல் தட்டிக்கொண்டே நின்றார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. என் வகுப்புப் பிள்ளைகள் யாராவது பார்த்துவிட்டால் என்று ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்தேன். முன்வரிசையில் ரோஸ் சால்வை போட்ட ஒரு மனிதர் திரும்பி, எதற்காகத் தட்டுகிறாய் என்று அதட்டினார். சித்தப்பாவின் இத்தாலியன் ஒரு கைக்குள் அடங்கும். அதில் தேடி எடுத்து, "அப்பேனா அரிவாத்தோ," என்றார். இப்போதுதான் வந்தவன். அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டு, தன்னிடமிருந்த வறுத்த கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நான் வெட்கத்தையும் மறந்து அள்ளிக்கொண்டேன்.

வெளியே வந்ததும், "ஏன் சித்தப்பா தட்டினியள்?" என்று சண்டை பிடித்தேன். "வெளியிலை போகேக்கை ஆராவது ஒராள் தட்டோணும் பிள்ளை," என்றார். அடிவாரத்தில் அம்மா கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அவளும் மாதாவும் என்ன கதைத்தார்கள் என்று சித்தப்பா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அந்த வியாழன் சபை சூடாகக் கூடியது. நெட்டையனுக்குப் பத்திரிகை நாலு போட்டு, "இன்னும் பழகவில்லை" என்று இரண்டு சொல் எழுதியிருந்தது. நான் அதை இழுத்து, நொண்டி ஆட்டுக்குக்கூட இவனைவிட நல்லாய் ஓட வருமாம் என்று சொன்னேன். எல்லாரும் சிரிக்க, கடைக்கார மாமா தொடையில் தட்டி, "உவனை வந்த வழியாலை திருப்பி அனுப்போணும்," என்றார்.

அம்மா குசினியிலிருந்து வந்து, குடித்து முடியாத கோப்பைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போனாள். அப்பா மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். சித்தப்பா உரித்த பழத்தை என்னிடம் நீட்டியபடி, "பேப்பரிலை அப்பிடியே கிடக்கோ, நீ சேத்துச் சொல்லுறியோ?" என்று மெதுவாகக் கேட்டார். நான் பழத்தை வாங்கிக்கொண்டேன். "ஒருத்தற்றை கதையை இன்னொராள் சொல்லேக்கை பாத்துச் சொல்லோணும், பிள்ளை," என்றார். கோபமே இல்லாத குரல். பிறகு சபையைப் பார்த்து, "ஆறு," என்றார். அன்று ஏனோ ஒருவரும் சிரிக்கவில்லை. தேத்தண்ணி போனதால் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

பங்குனியில், கடைசி மண்டரின்கள் வந்துகொண்டிருந்த ஒரு வியாழன், ரெலிபோன் அடித்தது. நெட்டையன் அதற்குள் பெஞ்சில் உட்காரப் பழகியிருந்தான், சபை வேறு ஒருவனைப் பிடித்துத் திருத்திக்கொண்டிருந்தது. பேசியது சித்தப்பாவின் அவ்வொக்காத்தா, அவருடைய வழக்கைப் பார்த்த சட்டத்தரணிப் பெண். அப்பா கையை நீட்டினார். எடுத்த சித்தப்பா அவரிடம் கொடுக்காமல் ரெலிபோனை என்னிடம் தந்தார்.

"கேட்டு அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை."

கீழே சந்தைகூட வாயை மூடிக்கொண்ட மாதிரி எனக்கு இருந்தது. அவ்வொக்காத்தா மடமடவென்று கதைத்தாள். நான் இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். பிறகு வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு சொல்லும் சேர்க்காமல் சொன்னேன்.

"அகதி எண்டு ஏற்கேல்லையாம். அஞ்சு வருசப் பெர்மெஸ்ஸோ இல்லையாம். ஆனா மனிதாபிமானம் எண்டு ஒண்டு இருக்காம். அதிலை ஒரு வருசம் தருகினமாம். பிறகு புதுப்பிக்கலாமாம்."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. அஞ்சு வருசம் கிடைக்கும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் அவர். கடைக்கார மாமா கூரையைப் பார்த்தார். அம்மா குசினி வாசலில் அசையாமல் நின்றாள். சித்தப்பா கையில் பாதி உரித்த பழத்தோடு என்னைப் பார்த்தார்.

"அப்ப திருப்பி அனுப்பேல்லையோ?"

"இல்லை, இருக்கலாமாம்."

"வடிவாக் கேட்டனியோ?"

"ஓம்."

"அப்ப ஆறு," என்றார் சித்தப்பா.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவ்வளவு நாள் காத்திருந்து வெறும் ஆறு. நான் அவரிடம் போய், எங்கள் ரீச்சர் படிப்பில் குறைந்த பிள்ளைகளுக்குச் செய்வதுபோல முதுகில் தட்டிக் கொடுத்து, "பரவாயில்லை சித்தப்பா, அடுத்த முறை எட்டு எடுக்கலாம்," என்றேன்.

சித்தப்பா சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் கண்டதேயில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து, முன்னால் குனிந்து, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். மண்டரின் உரித்த கைகள். எடுத்தபோது கண் இரண்டும் சிவந்து தண்ணீராய் ஓடிக்கொண்டிருந்தது. பழம் உரித்த கையால் கண்ணைத் தொடலாமா என்று அம்மாவின் குரலில் அவரை ஏசிவிட்டு, நான் ஓடிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தேன். அவர் கழுவினார். கழுவக் கழுவ அது நிற்கவில்லை. அம்மாவும் அப்பாவும் உதவிக்கு வராமல் ஏன் அப்படியே நிற்கிறார்கள் என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. ஒரு பழத்தோலின் எரிச்சல் போக இவ்வளவு நேரமா என்று நினைத்தபடி, இன்னொரு செம்புத் தண்ணீருக்கு ஓடினேன்.