யாராவது பார்த்தால் வராத பிழை

பன்னிரண்டு வருடம் வீட்டிலிருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போனேன். காட்டூரில் ஒரு சின்ன டிசைன் ஆபீஸ். முதலாளியோடு சேர்த்து நான்கு பேர். ரைஸ் மில் இயந்திரங்களுக்குப் படம் வரைந்து கொடுப்போம். நெல் கொட்டும் கூம்புத் தொட்டியை நான் வரைந்தால், தகட்டை எங்கே வெட்ட வேண்டும், எங்கே மடிக்க வேண்டும் என்பதை மென்பொருளோடு சேர்ந்த ஒரு பிளக்-இன் தானாகவே பிரித்துக் கொடுத்துவிடும். கையால் செய்தால் ஒரு நாள் பிடிக்கிற வேலை.

இரண்டாவது மாதம், என் கம்ப்யூட்டரில் மட்டும் அது மக்கர் செய்யத் தொடங்கியது. பட்டனை அழுத்தினால் ‘லைசென்ஸ் செல்லாது’ என்று சிவப்புப் பெட்டி வரும். முறையாக வாங்கிய லைசென்ஸ்தான். தினமும் வராது. வந்தாலும் சில நாள் அரை மணியில் தானாகப் போய்விடும், சில நாள் மதியம்வரை நிற்கும்.

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசுவேன். வெகுநேரம் காத்திருந்து, அவர்கள் என் திரையைத் தங்கள் பக்கம் திறந்து பார்க்கும்போது பிளக்-இன் சமர்த்தாக ஓடும்.

“இப்ப நல்லாத்தானே வேலை செய்யுது மேடம்.”

பொய் சொல்லி மாட்டிக்கொண்டவள் போல உட்கார்ந்திருப்பேன். அழித்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். ஆறு முறை போட்டேன். ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

மண்ணச்சநல்லூர் மில் ஒன்றுக்கு அவசர வேலை வந்த அன்றும் சிவப்புப் பெட்டி. பட்டறையில் ஆட்கள் காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் கையால் கணக்குப் போட்டு வரைந்து அனுப்பினேன். ஒரு மடிப்பில் மூன்று மில்லிமீட்டர் தப்பு. வெட்டிய தகடு எதுவும் பொருந்தவில்லை.

முதலாளி கத்தவில்லை. என்னைவிட மூத்த டிசைனரை என் கம்ப்யூட்டரில் உட்காரவைத்து, என்னை அவருடையதற்கு மாற்றினார். ஒன்பது நாள். இரண்டிலும் பிழை ஒரு தடவைகூட வரவில்லை.

“மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க மேடம்” என்றார் முதலாளி.

“அப்ப நான் என்ன தப்பு பண்றேன் சார்? அதையாவது சொல்லுங்க.”

“தெரியலைங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்போம். அப்புறம் யோசிக்கலாம்.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றபோது அழுகை வந்துவிட்டது. வீட்டில் கணவர் காபியைக் கொடுத்துவிட்டு, “விட்டுடேன். உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. எனக்கு முடியாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். நானும் கிட்டத்தட்ட கட்டிவிட்டேன்.

என் கம்ப்யூட்டருக்குத் திரும்பிய மறுநாள் காலை மறுபடி அந்தப் பெட்டி. சாட்சிக்காவது இருக்கட்டும் என்று ஃபோனில் திரையைப் படம் பிடித்தேன். சற்று நேரத்தில் பிழை போய்விட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் திரையின் மூலையிலிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. முந்தின நாள் மாலை ஆறு இருபது. நான் ஷட்டவுன் செய்துவிட்டுக் கிளம்பிய நேரம்.

மூத்த டிசைனரிடம் போனேன். “சார், நீங்க கிளம்பும்போது சுவத்துல இருக்கிற சுவிட்சை அணைப்பீங்களா?”

“அதை யாரு தொடுறா மேடம்? ஷட்டவுன் மட்டும்தான்.”

நான் அணைப்பேன். வீட்டில் பழகிய கை. பஸ்ஸுக்கு ஓடுகிற நாட்களில் மட்டும் மறந்துபோகும். மறுநாள் பிழை வராது. மின்சாரம் இல்லாதபோது கம்ப்யூட்டரின் கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் நாணயம் அளவு பேட்டரி. என்னுடையதில் அது தீரும் நிலையில் இருந்தது; சுவிட்சை அணைத்தால் கடிகாரம் அந்த நேரத்திலேயே நின்றுவிடும். அவருடையதில் நன்றாக இருந்தது. நேரம் பொருந்தாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. பிறகு இன்டர்நெட் நேரத்தைச் சரிசெய்ததும், உதவிக்கு ஆள் வருவதற்குள், பிழை போய்விடும்.

ரிப்பேர்க்காரர் வந்து ஐந்து நிமிடத்தில் பேட்டரியை மாற்றினார். முதலாளியிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்படியா, சரி. இன்னிக்கு வந்த மில்லுப் படத்தை முடிச்சுக் குடுத்துடுங்க.”

இன்னும் ஒரு வார்த்தை வரும் என்று நின்றேன். அவர் ஃபோனை எடுத்துப் பேசத் தொடங்கிவிட்டார். இடத்துக்கு வந்து, நாலு மணிக்குள் முடித்துக் கொடுத்தேன். அனுப்பும் முன் ஒவ்வொரு மடிப்பையும் மூன்று தடவை சரிபார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி வந்ததில்லை. ஆனாலும் பல மாதங்கள், காலையில் பட்டனை அழுத்தும் முன் திரையின் மூலையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வேன்.