சம்பந்தியைத் திட்ட ஆள் தேவை

கல்யாண விருந்தாளிக்கு வயிறார விருந்து போட்டு வாயாரத் திட்டவும் வேண்டும் என்பது எனக்கு ஒன்பது வயதில்தான் தெரிந்தது. யுத்த காலம். திண்டிவனத்தில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு துணிக்கடை சேட்டு இருந்தார். ராஜபுதானத்துக்காரர். எங்கள் ஊரில் அவர்கள் ஜனம் அந்த ஒரு குடும்பம்தான். அவர் மகளை விழுப்புரத்தில் கடை வைத்திருந்த சொந்தக்காரர் வீட்டில் கொடுத்தார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் சேர்ந்து அவர்களைக் கேலி செய்து பாட வேண்டும். அது அவர்கள் வழக்கம். சம்பந்தியின் தொப்பை, மீசை, கஞ்சத்தனம், ஒன்றும் தப்பக்கூடாது. திட்டாவிட்டால் மதிக்கவில்லை என்று அர்த்தமாம். ஆனால் ரயில் கிடைக்காமல் ஊரிலிருந்து உறவுப் பெண்கள் யாரும் வரவில்லை. ஒற்றைக் குரலாகப் பாடி மானம் போகப்போகிறதே என்று சேட்டம்மா என் அத்தையிடம் வந்து கண் கலங்கினார்.

“அழுவாதீங்க சேட்டம்மா. திட்டணும், அவ்ளோதானே? நாங்க இன்னாத்துக்கு இருக்கிறோம்?” என்றாள் அத்தை. அவளிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் தெருவில் குறைவு.

அன்றிலிருந்து மத்தியானமெல்லாம் தெருப் பெண்களெல்லாம் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே சேட்டம்மாவிடம் பாட்டுக் கற்றோம். ‘பியாயிஜி’ என்றால் சம்பந்தி என்பது மட்டும் எனக்குத் தெரியும். மற்றதை வாய்ப்பாடு மாதிரி உருப்போட்டேன். தூக்கத்திலும் சம்பந்தியைத் திட்டுகிறேன் என்று அம்மா சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்தன்று பந்தி தொடங்கியது. அத்தை கண்ணைக் காட்டினாள். நாங்கள் கூரை அதிரப் பாட்டைப் பிடித்தோம். லட்டை வாயருகே கொண்டுபோன சம்பந்தியின் கை அப்படியே நின்றுவிட்டது. கொண்டையில் கனகாம்பரம் வைத்த தமிழ்ப் பெண்கள் அவர் தொப்பையை அவர் பாஷையிலேயே ஏசிக்கொண்டிருந்தோம். அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

அப்போது மாப்பிள்ளையின் அண்ணன் எழுந்தார். வடக்கே காலேஜில் படித்தவர். “நிறுத்துங்கம்மா. இது ஒரு பாஷையா? இந்தியோட கொச்சை. நல்ல இந்தியில ஒரு பஜனை பாடுங்க” என்றார். பாட்டு பாதியில் நின்றது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை வீட்டாரை எதிர்த்துப் பேச முடியுமா? நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

முகம் மூடிய முக்காட்டுக்குள்ளிருந்து சேட்டம்மாவின் குரல் தனியாக எழுந்தது. பேசவில்லை, பாடினார். பாட்டில் யாரையும் திட்டலாமே! அடுத்த அடியில் சம்பந்திக்குப் பதில் படித்த அண்ணனைப் போட்டார். அத்தை விடுவாளா? நாங்களும் சேர்ந்து முழங்கினோம். சம்பந்தி மகனை உட்காரச் சொல்லிவிட்டு, “ராஜபுதானத்துல எங்க ஊர்ப் பக்கம் இதையே வேற மாதிரி சொல்லுவோம்” என்று தமிழில் எங்களிடம் சொல்லி, தட்டைத் தட்டித் தன் ஊர்ப் பேச்சில் தன்னையே திட்டிப் பாடினார். சொற்கள் கொஞ்சம் மாறியிருந்தன, ராகம் அதேதான். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

அந்த அண்ணனைப் போலப் பேசுகிறவர்கள் பிறகு நிறையப் பேர் இருந்தார்கள் போலும். அந்தப் பாஷையைத் தனிப் பாஷையாக ஒப்புக்கொள்ளச் சொல்லி அவர்கள் ஜனம் சர்க்காரிடம் மன்றாடுவதைப் பெரியவளானபின் பேப்பரில் படித்தேன்.

பெண் விழுப்புரம் போன மறுநாள் சேட்டம்மா அழுதுகொண்டிருந்தார். “ரயிலேறினா ஜல்தியா போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்” என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றினேன். அவர் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “பாடு” என்றார். பாடினேன். முடிந்ததும், “இன்னொரு வாட்டி” என்றார். அவரோடு அந்தப் பாஷை பேச ஊரில் இருந்த ஒரே பெண் அவர் மகள்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் உச்சரிப்பில் ஏதோ பிழை இருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் இன்னும் கவனமாகத் திட்டினேன்.