அய்யலூரில் நான் நிறுத்தாத லாரி

அருளப்பன் லாரியின் மேலிருந்து தட்டினான். எனக்குக் கேட்டது. நான் நிறுத்தவில்லை.

என் குற்றம் இவ்வளவுதான். மூன்றே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. நீங்கள் இத்தோடு எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் வெளியே என்னைப் பற்றி வேறொரு கதை உலவுகிறது. அதில் நான் வீரன். எங்காவது ஒரு டீக்கடையில் அந்தக் கதை உங்கள் காதில் விழுவதற்கு முன், இதை என் வாயால் கேட்டுவிடுங்கள்.

பெயர் முருகேசன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தொந்தி ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டது. திண்டுக்கல் குடோன்களில் பழைய காகிதம் ஏற்றிக்கொண்டு வடக்கே காகித ஆலைகளுக்குப் போவேன். திரும்பும்போது அதே ஆலையில் புதுக் காகித உருளைகளை ஏற்றிக்கொண்டு சிவகாசிக்கு இறங்குவேன். போகும்போது குப்பை, வரும்போது புதுப்பெண். இருபத்தைந்து வருடங்களாக இதே பிழைப்பு.

நான் சிரிக்க வைக்கிறவன். ஆலை வாசலில் லாரிகள் வரிசை கட்டிக் கிடக்கும்போது மற்ற ஓட்டுநர்கள் சோற்றுப் பாத்திரத்தோடு என் வண்டியைத் தேடி வருவார்கள். வெஞ்சனம் இல்லாவிட்டாலும் என் பேச்சைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டுவிடலாம் என்பார்கள். நான் சொல்லும் கதைகளில் எப்போதும் நான்தான் கோமாளி. உண்மையில் நான் கோமாளியாக இருந்த ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை.

அருளப்பன் என் வண்டியில் சுமை ஏற்றி இறக்குபவன். ரெட்டியார்சத்திரம் போகும் வழியில் ஒரு கிராமம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். பண்டல் அடுக்கி, தார்ப்பாய் மூடி, அவன் கயிறு இழுத்துக் கட்டினால் ஒரு தாள் பறக்காது. ஆலையில் இறக்கவும் ஆள் வேண்டுமென்பதால் கூடவே வருவான். கேபினுக்குள் மட்டும் உட்கார மாட்டான். இன்ஜின் சூட்டைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், என் பாட்டைத் தாங்க முடியாது என்பான். கேபினை ஒட்டிச் சுமையின் மேல் ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொள்வான்.

பழைய காகிதத்தில் பள்ளிக்கூட விடைத்தாள்கள் வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம். உருவி எடுத்து வாசித்துத் தானே மதிப்பெண் போடுவான். "அண்ணே, ஒரு புள்ள அசோகர் மரம் நட்டத மூணு பக்கம் எழுதியிருக்கு. ரெண்டு மார்க்குத்தான் போட்டிருக்காக. நான் அஞ்சாக்கிட்டேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சுமையின் மேல் ஆள் இருந்தால், கேபின் கூரையில் ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. தட்டினவனிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. நிறுத்தி இறங்கி, அதன் பிறகுதான் கேட்க வேண்டும். மேலே இருப்பவனுக்குப் பிரேக் கிடையாது... அவனுடைய பிரேக் நம் காதுதான்.

அன்று அய்யலூரில் ஆட்டுச் சந்தை. ஊரை விலக்கிப் போகும் நான்கு வழிச் சாலையிலேயே நான் போயிருக்க வேண்டும். டீ ஆசை. விடிந்தும் விடியாத நேரத்தில் ஊருக்குள் இறங்கினேன். வழியெல்லாம் ஆடு. மினி வேன்களிலிருந்து ஆடு இறங்குகிறது, பைக்கில் மடிமேல் ஆடு வருகிறது, தென்னங்கீற்றுப் பந்தலுக்குக் கீழே கட்டிய ஆடுகளைச் சுற்றி ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.

எனக்கு அந்த இடத்தில் ஒரு பழைய பயம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அங்கேதான் ஓர் ஆட்டின் காலில் என் வண்டி உரசிவிட்டது. கூட்டம் வளைத்துக்கொண்டது. அது சினையாடு என்றார் ஒருவர். வயிற்றில் இரண்டு குட்டி என்றார் இன்னொருவர். அந்தக் குட்டிகள் பிற்காலத்தில் ஈனப்போகும் குட்டிகளுக்கும் சேர்த்து மூன்றாமவர் கணக்குப் போடும்போது, "இதுல கல்யாணச் செலவும் சேருமாண்ணே?" என்று கேட்டேன். பளாரென்று ஓர் அறை விழுந்தது. என் வாழ்க்கையில் சிரிப்புக் கிடைக்காத ஒரே நகைச்சுவை அதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சந்தை வாசலைத் தாண்டும்போது முன்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது. அதே நொடியில் ஓர் ஆடு கத்தியது. உடனே கூச்சல்.

"ஏலே நிப்பாட்டு! வண்டிய நிப்பாட்டுய்யா!"

கண்ணாடியில் பார்த்தேன். கையில் கம்போடு ஒருவர் ஓடி வருகிறார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர். ஆட்டு வியாபாரி கையில் கம்பு இல்லாமல் என்ன இருக்கும்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. கன்னம்தான் தானாக எரிந்தது.

அப்போதுதான் மேலிருந்து தட்டு விழுந்தது. ஒரே தட்டு.

அது அருளப்பன் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் எவனோ ஏறிவிட்டான் என்று நினைத்ததாக உங்களிடம் பொய் சொல்லலாம். எனக்கு நானே பல இரவுகள் அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை. அருளப்பன் நேர்மையானவன், அடிபட்ட ஆட்டைப் பார்த்துவிட்டான், இறங்கி நியாயம் பேசச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.

மறுபடியும் ஒரு தட்டு. பிறகு இடைவிடாமல் தட்டல்.

"செத்த நேரம் பொறு அப்பு, ஊரைத் தாண்டிக்கிறேன்" என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். அவன் ஏதோ கத்தினான். இன்ஜின் இரைச்சலில் வார்த்தை புரியவில்லை. புரிந்துகொள்ள நான் என்ன செய்தேன் தெரியுமா? கை நீட்டிப் பாட்டுச் சத்தத்தைக் கூட்டினேன்.

ஆம்... கூட்டினேன். உள்ளே நாதஸ்வரத்தோடு ஒரு கல்யாணப் பாட்டு. வெளியே என் நண்பன் இரண்டு கைகளாலும் கூரையை அறைந்துகொண்டிருந்தான்.

கண்ணாடியில் சாம்பல் நிறமாய் ஏதோ எழுந்தது. புழுதி என்று நினைத்தேன். தார்ச்சாலையில் ஏது புழுதி? பயந்தவனுக்குக் கண் எதைக் காட்டினாலும் மூளை தனக்குத் தோதானதைத்தான் வாங்கிக்கொள்ளும். அந்தப் புகைக்குள்ளிருந்து மூன்று பைக்குகள் வெளிப்பட்டன. விடமாட்டார்கள் போலிருக்கிறதே என்று, ஊர் முடியும் இடத்தில் வறண்ட கண்மாய்க்குப் போகும் மண்பாதையில் வண்டியைத் திருப்பினேன். கருவேலங்காட்டுக்குள் ஒளிந்துகொள்ளலாம் என்பது என் திட்டம். பத்துச் சக்கர லாரியை ஒளிக்கப் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

திரும்பும்போது தட்டல் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

அடுத்த நொடி இடது பின்சக்கரம் எதன் மீதோ ஏறி இறங்கியது.

இன்னோர் ஆடு என்று நினைத்தேன்.

இந்த ஒரு வரியை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. உங்களோடு இருக்கட்டும்.

கருவேல மரங்களுக்கு நடுவே வண்டி சிக்கி நின்றது. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. குதித்துத் திரும்பிப் பார்த்தால், மொத்தச் சுமையும் கார்த்திகைச் சொக்கப்பனை போல நின்று எரிகிறது. என்ன நடந்தது என்று பிற்பாடுதான் தெரிந்தது. ஏற்ற வேண்டிய உயரத்துக்கு மேல் ஏற்றியிருந்தேன். சந்தை வாசலில் தாழத் தொங்கிய இரண்டு மின்கம்பிகளைச் சுமையின் பின்பக்க உச்சி ஒன்றோடொன்று உரசவிட்டதில் பொறி விழுந்திருக்கிறது. கம்போடு ஓடிவந்தவர் அதைச் சொல்லத்தான் ஓடி வந்திருக்கிறார். அருளப்பனும் அதைச் சொல்லத்தான் தட்டியிருக்கிறான்.

பைக்குகள் வந்து நின்றன. எனக்கு அப்போதும் புத்தி ஆட்டை விட்டு வரவில்லை. முழங்காலிட்டுக் கைகூப்பினேன்.

"அய்யா, தெரியாமப் பண்ணிட்டேன். ஆட்டுக்குள்ள காச எப்படியாச்சும் தந்துர்றேன். அடிக்காதீக."

"எந்த ஆடு?" என்றார் கம்போடு வந்தவர்.

"உங்க ஆடுதான்."

அவர் மற்றவர்களைப் பார்த்தார். "பாவம், அதிர்ச்சியில மனுசன் ஒளறுறாரு" என்று சொல்லி என்னைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார். "நாங்கதான் பதட்டத்துல நிப்பாட்டுன்னு கத்திட்டோம். நீங்க மட்டும் பந்தலுக்குப் பக்கத்துல நிப்பாட்டியிருந்தா அம்புட்டுச் சனமும் வெந்திருக்கும். எரியிற வண்டிய ஆளில்லாத எடத்துக்குக் கொண்டாந்துட்டீகளேய்யா."

முன்சக்கரத்தில் ஏறியது டீக்கடையின் பிளாஸ்டிக் குடமாம். ஆட்டுக்கு ஒன்றுமில்லை. ஆடு என்றால் கத்தத்தானே செய்யும்.

இன்னொருவர் கேட்டார்: "வண்டியில நீங்க மட்டுந்தானா? மேல யாரும் இல்லையே?"

அப்போதுதான் எனக்கு அருளப்பன் ஞாபகம் வந்தது.

திருப்பத்தில் பாதையோரப் புதருக்குள் கிடந்தான்; புகையில் பைக்கில் வந்தவர்கள் கண்ணில் பட்டிருக்கவில்லை. அனல் தாங்காமல், வண்டி திரும்பும்போது வேகம் குறைகிறதே என்று இடப்பக்கம் குதித்திருக்கிறான். திரும்புகிற லாரியின் பின்சக்கரம் உள்வாங்கி வரும். இது எந்த ஓட்டுநருக்கும் முதல் பாடம்... ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த வாரமே சந்தை வியாபாரிகள் எங்கள் குடோனுக்கு வந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கூடவே பரிசாக ஒரு கிடா கொடுத்தார்கள். கிடா! அது என்னைப் பார்த்த பார்வையை உங்களால் கற்பனை செய்ய முடியாது. வெட்டவும் மனமில்லை, வீட்டில் கட்டவும் தைரியமில்லை. ஆயக்குடியில் மச்சினனின் கொய்யாத் தோப்பில் கொண்டுபோய் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் அருளப்பன் கண்விழித்துப் பேசத் தொடங்கியதும் முதலில் என்னைத்தான் கேட்டானாம். போனேன். கட்டிலருகே அவன் மனைவி மேரி நின்றிருந்தாள். பூந்தோட்டங்களுக்கு மல்லிகை எடுக்கப் போகிறவள். அன்று தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

"அண்ணே, நான் தட்டுனது கேட்டுச்சா?"

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை என்பது ஒன்று. உண்மையைச் சொல்லிக் காலில் விழுவது இன்னொன்று. வாயைத் திறந்தபோது மூன்றாவது ஒன்று வந்தது.

"கேட்டுச்சு அப்பு. கேட்டுந்தான் நிப்பாட்டல. அம்புட்டுப் பேரு நின்னாங்கல்ல..."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை பாருங்கள். கேட்டது உண்மை. நிறுத்தாதது உண்மை. அங்கே அவ்வளவு பேர் நின்றதும் உண்மை. மூன்று உண்மைகளை அடுக்கிக் கயிறு இழுத்துக் கட்டிவிட்டேன்.

அவன் கை நீட்டிப் போர்வையைக் கால் இருந்த இடத்தின் மேல் இழுத்துவிட்டான். பிறகு, "சரிதாண்ணே" என்றான். "ஒருத்தன் காலுதான. போகட்டும்."

அவன் என்னைத் திட்டியிருக்கலாம். ஓட்டத் தெரியாதவனே என்று காறித் துப்பியிருக்கலாம். அதற்குப் பதில், நான் பயத்தில் பறித்த காலை அவனாகவே மனமுவந்து கொடுத்ததாக ஆக்கிக்கொண்டான். நானும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவன் குடோனில் உட்கார்ந்து காகிதம் தரம் பிரிக்கிறான். அட்டை ஒரு பக்கம், வெள்ளைத்தாள் ஒரு பக்கம். யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொல்வான். கதையில் வீரன் நான். அவனுக்குத் தனக்கென்று ஒரு சின்ன இடம் உண்டு. அந்த இடத்தில் கட்டைக்காலைத் தட்டிக் காட்டுவான்.

போன ஈஸ்டர் முடிந்த ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். கோழிக் குழம்பு. அவன் பிள்ளைகள் இரண்டும் வெளியே விளையாடிக்கொண்டிருந்தன. இலையில் சோறு விழுந்தது. இன்று சொல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது. சொன்னேன். முன்சக்கரம் ஏறியது, ஆடு கத்தியது, அறைக்குப் பயந்தது, பாட்டைக் கூட்டியது, லாரியை ஒளிக்கப் பார்த்தது, முழங்காலிட்டு ஆட்டுக்குக் காசு தருவதாகக் கெஞ்சியது... பின்சக்கரத்தைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

அருளப்பன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் மெதுவாக. பிறகு புரையேறி, தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"ஆட்டுக்கு... ஆட்டுக்குப் பயந்து... அய்யோ அண்ணே, வயிறு வலிக்குது. எம்புட்டுப் பெரிய காரியம் பண்ணிட்டு அதக்கூடக் கேலியாக்குறீகளே. எவனுக்கு வரும் இந்தக் குணம்?"

"அருளு, நெசமாத்தான் சொல்றேன்."

"மூஞ்சிய வேற பாவமா வச்சிக்கிறாரு பாரு. மேரி, கேட்டியா நீ?"

வாழ்நாளெல்லாம் மற்றவர்களைச் சிரிக்க வைத்தே பிழைத்தவனுக்கு இதைவிட வேறென்ன கிடைக்கும்? நான் மேரியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டி அவள் கையில் அந்தரத்தில் நின்றது. பிறகு குனிந்து என் இலையில் ஒரு துண்டைப் போட்டு, "சாப்பிடுங்கண்ணே" என்றாள்.

சாப்பிட்டேன்.

பைக்கை எடுக்கும்போது வாசலுக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னது வெளாட்டுக்கு இல்லல்ல?"

பைக் சாவியிலிருந்து கையை எடுத்தேன்.

"புள்ளைக ஸ்கூல்ல, எங்கப்பா காலு சந்தையக் காப்பாத்தப் போச்சுன்னு சொல்லுதுக. வலி எடுத்தா அவரும் அதச் சொல்லித்தான் தூங்குறாரு. இப்பப் போயி, ஆட்டுக்குப் பயந்து ஒருத்தர் ஓட்டுனதுல போச்சுன்னா... அவரு எதப் புடிச்சு எந்திரிப்பாரு?"

"என்னைய மன்னிச்சிருத்தா."

"அத எங்கிட்டக் கேக்காதீங்க. அவருகிட்டக் கேக்க வேண்டியது. அவருகிட்ட இனிமே நீங்க கேக்கவும் கூடாது." குரல் உயரவே இல்லை. "அதுக்குன்னு வராம இருந்துறாதீங்க. ஞாயித்துக்கெழம தோறும் வாங்க. அவரு சொல்லும்போது பக்கத்துல உக்காந்து ஆமான்னு சொல்லுங்க."

ஞாயிறுதோறும் போகிறேன். சில வாரம் வண்டி ஆலை வாசலிலேயே கிடந்துவிட்டால், மறுவாரம் அவள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் வந்திருந்தார். அருளப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதையைத் தொடங்கினான். கம்பி உரசியதிலிருந்து கண்மாய் வரை ஒன்றையும் விடவில்லை. கடைசியில் என் தொடையில் கை வைத்தான்.

"அம்புட்டுச் சனத்தையும் நெனச்சுத்தான ஓட்டுனீங்க, இல்லண்ணே?"

அடுப்படியில் மேரி காய் நறுக்கும் சத்தம் நின்றது.

"ஆமாப்பு" என்றேன்.

செத்த நேரம் கழித்து அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது.