டச்சு தெரிஞ்சவளாய் ஆறு மாசம்

நாங்கள் இருக்கிற மல்கிரேவ் எண்ட ஊரில, கண் தெரியாத ஆக்களுக்குக் கடிதங்களை வாசிச்சுக் காட்டுற மென்பொருள் செய்யிற ஒஃபிஸ் ஒண்டு. அங்கை என்னை ஆறு மாசம் பாத்துத்தான் நிரந்தரமாக்குவினம். சேர்ந்த முதல் கிழமையே மனேஜர் வந்து, "டச்சு ஃபைல் ஒண்டு வந்திருக்கு, செய்வீரோ?" எண்டு கேட்டார். மேலதிகாரி கேட்டால் "தெரியாது" எண்டு எங்கட ஆக்களின்ர வாயில வருமோ? "ஓம், செய்யலாம்" எண்டிட்டன்.

எனக்கு டச்சில ஒரு மண்ணும் தெரியாது.

நீளமான சொல்லுகளை அசையசையாய் வெட்டி, எந்த அசையை அழுத்திச் சொல்லவேணும் எண்டு குறி போடவேணும். அப்பதான் மிஷின் ஒழுங்கா வாசிக்கும். டச்சுக்காரர் சொல்லுகளை ரயில்பெட்டி மாதிரிக் கோத்து விடுவினம். ஆயுள் காப்புறுதிக் கம்பனிக்கு லேவன்ஸ்ஃபெர்சேகெரிங்ஸ்மாட்ஸ்ஹப்பெய். ஒரே மூச்சில சொல்லிப் பாருங்கோ! ஒன்பது அசை. கம்பனி எண்ட பகுதி கடைசியிலதானே கிடக்கு, அதுதானே முக்கியம் எண்டு பாரத்தை வாலில போட்டன். பிறகு டச்சுக்காரர் ஒராள் வாசிச்ச ஒலிப்பதிவைக் கேட்டால், பாரம் தலையில, அந்த "லே"யில. போட்ட குறியெல்லாத்தையும் அழிச்சு, அகராதியும் கையுமாய் முதலிலயிருந்து தொடங்கினன். குசினியில நிண்டும் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிப் பாப்பன். என்ர மனுசன் என்னடாவெண்டால், "எங்கட ஆள் டச்சு கதைப்பா" எண்டு சொந்தக்காரரிட்டை எல்லாம் பெருமையடிச்சார்.

ஆறாம் மாசக் கடைசியில, ஒல்லாந்திலயிருந்து வாடிக்கையாளர் அம்மா வீடியோவில வந்தா. மிஷின் வாசிக்க வாசிக்கத் தலையாட்டினா. முடிஞ்சதும் என்னைப் பாத்துச் சிரிச்சு, டச்சில படபடவெண்டு என்னவோ கேட்டா. எல்லாரும் என்ர வாயையே பாக்கினம். துலைஞ்சுது வேலை எண்டு நினைச்சுக்கொண்டு, "மன்னிக்கவேணும், எனக்கு டச்சு தெரியாது" எண்டு இங்கிலிசில சொன்னன்.

மனேஜர் என்னை விநோதமாப் பாத்தார். "அது எனக்குத் தெரியும்தானே, உம்மட விண்ணப்பத்தில டச்சு எண்டு இல்லையே. அதாலதான் உம்மட்டைக் குடுத்தனான். டச்சு தெரிஞ்ச ஆள் எண்டால், மிஷின் பிழையாச் சொன்னாலும் மனசுக்குள்ள திருத்திக் கேட்டிடும்." நிரந்தரக் கடிதம் காலமையே ஈமெயிலில போட்டாச்சாம்.

அட கடவுளே! நான் ஆறு மாசமா நித்திரையில்லாமல் செத்துச் செத்துப் பிழைச்சது இதுக்கோ? ஆத்திரமும் வந்துது, சிரிப்பும் வந்துது. கார் பார்க்கில இருந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துப்போட்டு இவருக்கு ஃபோன் எடுத்தன். வேலை நிரந்தரம் எண்டதும் மனுசன் துள்ளிக் குதிச்சார்.

"உம்மட டச்சுக்குத்தான் தந்திருப்பினம், என்ன?"

"எனக்கு டச்சு தெரியாதப்பா" எண்டன். எவ்வளவு சுகமா இருந்துது, சொல்ல.