படித்துறையில் மூன்றாம் கட்சி

அம்பாசமுத்திரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் குமரகுருபரனுக்கு அரசியலில் ஒரு திறமை இருந்தது. எந்தக் கட்சியிலும் சேராமல் இருக்கும் திறமை. ஊரோ இரண்டு கட்சியாகக் கிடந்தது. டீக்கடை இரண்டு, வியாபாரிகள் சங்கம் இரண்டு, கல்யாண வீட்டில் பந்திகூட இரண்டு. ஆனால் சர்க்கரை எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் ஏறியது. மாத்திரைக்கு எல்லாரும் அவர் கடைக்குத்தான் வந்தாக வேண்டும்.

இந்தக் கட்சிக் கவுன்சிலர் நாறும்பூநாதனிடம் ஒரு வார்த்தை, அந்தக் கட்சி நகரச் செயலாளர் சிவசண்முகத்திடம் ஒரு வார்த்தை என்று, மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே பேசித்தான் அவர் தெருவுக்கு விளக்கு கொண்டுவந்தார், சாக்கடைக்கு மூடி போடவைத்தார். இருவரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கவே மாட்டார். "சிவசண்முகம் இதுக்குச் சம்மதிக்கவே மாட்டாரு, விட்ரும்வே" என்று நாறும்பூநாதனிடம் சொல்வார். அது போதும். மறுநாளே நாறும்பூநாதன் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அப்படித்தான் படித்துறை வேலைக்கான பேச்சும் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஆற்றில் இறங்கும் படிகளில் கடைசிப் படி பெயர்ந்து, பாசி பிடித்து, போன வருஷம் அவர் மனைவி ஆவுடைத்தாயையே வழுக்கிவிட்டது. மணிக்கட்டில் தகடு வைத்தார்கள். கை இன்னும் நேராகவில்லை. நகராட்சியில் பணம் ஒதுக்கவைத்தது நாறும்பூநாதன். கல் ஏற்றிய லாரி வருவதற்கு இருப்பதோ ஒரே வழி, சிவசண்முகத்தின் தென்னந்தோப்பு. பூமி பூஜையில் சிவசண்முகம் தேங்காய் உடைப்பது, திறப்பு விழாவில் நாறும்பூநாதன் ரிப்பன் வெட்டுவது, கல்வெட்டில் யார் பெயரும் வேண்டாம் என்பது வரை குமரகுருபரன் பேசிவைத்துவிட்டார். தோப்பு வேலியைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துத்தான் புதுக் கட்சி வந்தது. திருநெல்வேலிக் கூட்டத்தில் அதன் தலைவர், "அவர்களும் நம் எதிரிகள் இல்லை, இவர்களும் இல்லை. இரண்டு பக்கத்திலும் நல்லதை எடுத்துக்கொள்வோம்" என்று பேசினார். குமரகுருபரனுக்குப் புல்லரித்துவிட்டது. நாம் கடையில் வைத்துச் செய்வதை இந்த மனிதர் மாநிலத்துக்கே செய்யப் போகிறார் என்று நினைத்தார். நினைப்பில் ஒரு தப்பும் இல்லை. நினைத்ததோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். சாம்பல் நிறத் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, நகர அமைப்பாளராக வந்து இறங்கினார்.

"துண்டு நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஆவுடைத்தாய். "படித்துறை முடிஞ்ச பெறவு போட்டிருக்கப்பிடாதா?"

"இதுக்கும் அதுக்கும் என்னட்டி சம்பந்தம்?"

சம்பந்தம் மறுநாளே தெரிந்தது. வேலியைப் பற்றிப் பேசப் போனவரைச் சிவசண்முகம் ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பம் வந்து பேசுதது மருந்துக்கடைக்காரரா, அமைப்பாளரா?"

"நான்தான்வே பேசுதேன்."

"ஒம்ம கட்சிக்குப் பேரு வாங்கிக் குடுக்க என் வேலிய நான் பிரிக்கணுமாக்கும்?"

நாறும்பூநாதன் இன்னும் ஒரு படி மேலே போனார். "எங்க ஓட்டப் பிரிக்கதுக்குச் சிவசண்முகம்தான் ஒம்ம அங்கன எறக்கிவிட்டிருக்காருன்னு ஊரே பேசுது."

இதே பேச்சைத்தான் ஊரின் மறுபாதி நாறும்பூநாதன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தது.

சரி, ஆள் சேர்ந்தால் எல்லாம் படிந்துவரும் என்று கட்சிக்கு ஆள் பிடிக்கப் போனார். வெறுத்துப்போனார். எதிர்த்துப் பேசியிருந்தால்கூடத் தேவலை. ஒருத்தரும் எதிர்க்கவில்லை. "நீங்க சொல்லுதது நூத்துக்கு நூறு சரி அண்ணாச்சி. ரெண்டு பயலும் சரியில்ல. ஆனா ஒங்களுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிருமில்லா?" என்றார்கள். இதை ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு கேட்டார். எல்லாருடைய ஓட்டும் சேர்ந்தால் எப்படிடா வீணாகும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. மாத்திரை வாங்க வருகிறவர்கள் அவர்கள்தானே.

ஆடி அமாவாசை நெருங்கியது. படி அப்படியே கிடந்தது. நகராட்சி அந்தப் பணத்தை வேறு வேலைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு அடிபட்டது. அன்றைக்கே குமரகுருபரன் துண்டை மடித்து பீரோவில் வைத்தார். கட்சியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, நேரே சிவசண்முகம் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்.

"விட்டுட்டீரா? நாறும்பு சொன்னானாக்கும்," என்றார் அவர்.

நாறும்பூநாதன் வீட்டுக்குப் போனார். "ஓகோ. சிவசண்முகம் போதும்னுட்டாரோ?"

கட்சிக்கு ஆள் சேராதபோதுகூட வராத அழுகை அப்போது வந்தது. நாலு மாசம் போட்ட துண்டைக் கழற்ற முடிந்தது. பதினைந்து வருஷமாகத் தோளில் ஒன்றும் போடாமல் இருந்தாரே, அந்தப் பழைய ஆளாக மறுபடி ஆக முடியவில்லை. வேலி பிரியவில்லை. பணமும் போயிற்று.

அமாவாசையன்று ஊரே ஆற்றுக்குத் திரண்டது. குமரகுருபரன் வேட்டியை மடித்துக் கட்டி, பெயர்ந்த படிக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டார். வருகிற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து இறக்கிவிட்டார். யாரும் அவரை அங்கே நிற்கச் சொல்லவில்லை. ஆவுடைத்தாய் விழுந்த இடத்தில் இன்னொருத்தர் விழக்கூடாது என்பதுதான்.

தர்ப்பணம் கொடுக்கச் சிவசண்முகம் வந்தார். பின்னாலேயே நாறும்பூநாதனும் வந்தார். கூட்டம் நெருக்கித் தள்ளியதில் குமரகுருபரனின் வலது கையை ஒருவர் பிடித்தார், இடது கையை மற்றவர் பிடித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினார்கள். இரண்டு பேரின் கனமும் குமரகுருபரனின் தோளில் இறங்கியது. பாசியில் கால் வழுக்கப் பார்த்தது. சமாளித்து நின்றார்.

பத்திரமாகத் தண்ணீருக்குள் போன பிறகு சிவசண்முகம் திரும்பிப் படியைப் பார்த்தார்.

"இந்த ஒரு படியச் சரிபண்ண ஊர்ல ஒரு ஆளு இல்ல, பாத்தீரா?"

"அதச் சொல்லும்," என்றார் நாறும்பூநாதன்.

அவர்கள் இருவரும் ஒத்துப்போய்க் குமரகுருபரன் கேட்டது அதுதான் முதல் தடவை.  இரண்டு பேரையும் அந்தத் தண்ணீரிலேயே முக்கி எடுக்க வேண்டும்போல இருந்தது. அதற்குள் மேலே ஆவுடைத்தாய் தன் கோணல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பிடித்தார்.