பதினாறாம் நாள் பிரித்த தையல்

அறுப்பது டாக்டர், ஆற்றுவது சந்திரகலா. இப்படிச் சொல்பவர் டாக்டர் இராமதாஸேதான். லாஸ்பேட்டையில் அவர் நடத்தும் பிராணிகள் கிளினிக்கில் அவள் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரம், மூன்று பேர் பிடித்தும் அடங்காத ஒரு அல்சேஷன் நாயைத் தாடையடியில் சொறிந்து கொடுத்தே ஊசி போட்டுக்கொள்ள வைத்தாள். அன்றோடு துடைப்பம் வேறு கைக்குப் போனது. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் ஊசி போடவும் கட்டு மாற்றவும் தையல் பிரிக்கவும் கற்றுக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய நாய் பூனைகளை அந்தந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்பதுதான் 2007-இல் அவளுடைய முழுநேர வேலை.

பத்து நாள் கணக்கு அது. தினமும் சாயங்காலம் ஸ்கூட்டியில் போவாள், புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றுவாள், பத்தாம் நாள் தையலைப் பிரிப்பாள். அந்தப் பத்து நாளும் "சிஸ்டர் வந்தாச்சா, சிஸ்டர் வந்தாச்சா" என்று வீடே அவளுக்காகக் காத்துக் கிடக்கும். பதினோராம் நாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. புண் ஆறிய பிறகு கட்டுத்துணியை யார் நினைத்துக்கொண்டிருப்பார்கள்?

ஆனால் சந்திரகலாவுக்கு அது ஒவ்வொரு முறையும் வலித்தது. தேங்காய்த்திட்டில், மீன் ஏலம் எடுக்கும் பாவாடை என்ற அண்ணனின் வீட்டில்தான் இருந்தாள். படகு வேலைக்கென்று அந்தமான் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடித்தனம் போட்டுவிட்டான் என்ற சேதி வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அண்ணன் வீட்டில் யாரும் ஒரு குறை வைத்ததில்லை. சோறு தட்டில் மூடியிருக்கும், பாய் சுருட்டி வைத்திருக்கும். ஆனால் அவள் வண்டிச் சத்தம் கேட்டு வாசலுக்கு எழுந்து வந்தவர் அங்கே ஒருவரும் இல்லை.

அப்படி இருக்கையில்தான் டெய்சி வந்து சேர்ந்தது. எட்டு வயசுப் பொமரேனியன். கர்ப்பப்பையில் சீழ் வைத்து, பிழைக்குமா என்ற நிலையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் ஜானகிராமன். அரசாங்க ஆபீசில் தலைமை எழுத்தர், மனைவியை இழந்து மூன்று வருஷம் ஆனவர், ஒரே மகள் பெங்களூரில். குவார்ட்டர்ஸில் அவரும் நாயும் மட்டும். ஆபரேஷன் முடிந்ததும், தையலை நக்காமலிருக்க ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து டெய்சியின் கழுத்தில் மாட்டி அனுப்பினாள் சந்திரகலா.

மூன்றாம் நாளே டெய்சிக்கு ஸ்கூட்டிச் சத்தம் தெரிந்துவிட்டது. வாளி இங்கும் அங்கும் இடிபடக் கேட்டுக்கு வந்து நிற்கும். அதற்குப் பின்னால் ஜானகிராமனும் நிற்பார். ஐந்தாம் நாள் பார்த்தால் மனிதர் தலையைப் படிய வாரி, தேய்த்த சட்டை போட்டிருக்கிறார். நாய்க்குக் கட்டு மாற்றும்போது தலை வாரிக்கொள்ள வேண்டிய அவசியம் அதுவரை எந்த வீட்டுக்காரருக்கும் வந்ததில்லை. முதல் நாள் கழுநீர் மாதிரி இருந்த காப்பியும் அதற்குள் வாயில் வைக்கும்படி ஆகியிருந்தது. சிஸ்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தியிருந்தார். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இந்தாங்க" என்று மட்டும் சொல்லி டம்ளரை நீட்டுவார். கட்டு மாற்றக் கால் மணி நேரம் போதும். அவள் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். டெய்சி அவள் காலடியில் வாளியோடு சாய்ந்து கிடக்கும். இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மற்ற இருபத்து மூன்று மணி நேரமும் கழிகிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

பத்தாம் நாள் கத்தரியோடுதான் போனாள். தையல் நன்றாகக் காய்ந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் போவட்டும் சார், லேசா ஈரம் தெரியுது" என்றாள். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். ஆனாலும் பன்னிரண்டாம் நாள், "இன்னிக்கு அமாவாசை. எங்க பக்கம் கத்தி கத்தரி எடுக்க மாட்டாங்க" என்றாள். பதினாலாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமையில் நகமே வெட்டமாட்டார்கள், தையல் பிரிப்பார்களா? ஜோசியக்காரனைக் கண்டாலே எரிந்து விழுகிற ஜானகிராமன், அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிதான், சரிதான்" என்று தலையாட்டினார்.

பதினாறாம் நாள் டெய்சி கேட்டுக்கு வரவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்தது. வயிற்றில் கை வைத்ததும், என்றைக்கும் இல்லாமல் அவளைப் பார்த்து உறுமியது. வெளிச்சத்துக்குத் தூக்கிவந்து பார்த்தாள். கடைசி இரண்டு தையலும் தோலுக்குள் புதைந்து, சுற்றிலும் சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தது. வேறு எந்தக் கம்பவுண்டராவது இப்படிச் செய்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள்.

ஜானகிராமன் டெய்சியின் தலையைப் பிடித்துக்கொண்டார். மேலே இருந்த ஆறு தையலும் சுலபமாக வந்தன. கடைசி இரண்டுக்கும் இடுக்கியைச் சதைக்குள் விட்டு நூலைத் தேட வேண்டியிருந்தது. டெய்சி வீறிட்டு அலறியது. கடிக்கத்தான் வாயைத் திறந்தது. ஆனால் கடிக்கவில்லை. பிதுக்கித் துடைத்து மருந்து பூசி முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"சார், தப்பு எம்மேல. பத்தாம் நாளே பிரிச்சிருக்கணும். ஈரம்னு சொன்னது பொய்யி. நான்தான் வேணும்னே தள்ளிப்போட்டேன்."

"தெரியும்" என்றார் அவர். "டாக்டர் சீட்டுலயே பத்து நாளுன்னு எழுதியிருந்தாரு. நீங்க பிரிக்கல. நானும் ஏன்னு கேக்கல."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் மேலா தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியாத கோபம்.

"இது வாயில்லாத ஜீவன் சார். வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. நம்ம ரெண்டு பேருக்கும் வாய் இருந்திச்சில்ல?"

அவர் டெய்சியை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் கையைக் கழுவினாள், பஞ்சையும் கத்தரியையும் பைக்குள் போட்டாள், மருந்துக் குப்பியை மேசைமேல் வைத்தாள். "இத அஞ்சு நாள் காலையில சாயங்காலம் போடுங்க. நீங்களே போட்டுடலாம். எனக்கு இனிமே இங்க வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வண்டியில் சாவியைப் போட்டாள். திருப்ப மனம் வரவில்லை. இந்தத் தெருவிலும் நாளையிலிருந்து ஒரு தலையாட்டல்தான். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர் வீட்டில் யாரோ துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாவியை உருவிக்கொண்டு திரும்பி நடந்தாள். வாசற்படியில் ஏறவில்லை, கீழேயே நின்றாள். உள்ளே அவர் அப்படியே, டெய்சியை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு வரட்டுமா சார்?" என்று கேட்டாள். "நாயப் பாக்க இல்ல."

ஜானகிராமன் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க" என்றார். "இத நான் ஆறு நாளைக்கு முன்னாடி கேட்டிருந்தா, டெய்சிக்கு இவ்ளோ வலிச்சிருக்காது."