அத்தை கைபட்ட முட்டைகள்

ஒன்பது வயதில் எனக்கு ஒரே ஒரு எதிரி இருந்தான். எதிர்வீட்டுச் செவலைச் சேவல். நான் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரம் அதற்கு எப்படித்தான் தெரியுமோ, வேலி ஓரமாக வந்து நிற்கும். நான் படலைத் திறந்ததும் கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓடிவந்து, சாக்ஸுக்கு மேலே எங்கே சதை தெரிகிறதோ அங்கே ஒரு கொத்து. எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போய் முறையிட்டால், ஊரில் இத்தனை பேர் இருக்க உன்னை மட்டும் ஏன் கொத்துகிறது, நீ அதை என்ன செய்தாய் என்று என்னையே விசாரிப்பார்.

எங்கள் கொல்லையில் நான்கு பெட்டைகள்தான் இருந்தன. இருந்த ஒரு சேவலையும், துபாயிலிருந்து மாமா விடுப்பில் வந்தபோது குழம்பு வைத்துவிட்டோம். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன், மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் நாங்கள் காவல் இல்லாத வீடு என்பது எனக்கு உறைத்தது. எங்களுக்கென்று ஒரு சேவல் வேண்டும், அது வளர்ந்து செவலையை வேலிக்கு அந்தப் பக்கம் துரத்த வேண்டும். அந்த வருஷம் முழுக்க எனக்கு வேறு ஆசை கிடையாது. எங்கள் வீட்டில் சேவலே இல்லாதபோது முட்டைக்குள் குஞ்சு எப்படி வரும் என்று நான் யோசித்ததில்லை. செவலை வேலி தாண்டி வருவது என்னைக் கொத்துவதற்கு மட்டும்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் தங்கை. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், பொங்கல் முடிந்தும் போகவில்லை. அவளைத் தரங்கம்பாடிப் பக்கம் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. மாமா துபாயில். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, முப்பது நாள் இருந்து, எனக்கு ஒரு டப்பா சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார். அத்தை ஏன் ஊருக்குத் திரும்பவில்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தலை பின்னிவிட ஆள் கிடைத்துவிட்டது, அது போதும்.

தை மாதம் அறுவடை முடிந்த கையோடு எங்கள் கறுப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்தது. தொட்டால் சீறியது. தீனி போட்டாலும் எழுந்திருக்க மனமில்லாமல் வைக்கோலைக் கட்டிக்கொண்டு கிடந்தது. அம்மா சேர்த்து வைத்திருந்த முட்டைகளைத் தவிட்டுப் பானையிலிருந்து எடுத்தாள். கூர் முனை உள்ள முட்டை சேவலாகப் பொரிக்கும், உருண்டை முட்டை பெட்டையாகப் பொரிக்கும் என்று அப்பா சொல்லியிருந்ததால், நான் பக்கத்தில் உட்கார்ந்து கூராக இருந்ததையெல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தேன். ஒற்றைப் படையில்தான் வைக்க வேண்டும் என்பதால் பதின்மூன்று. கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, இடி இடித்தால் முட்டை கெட்டுவிடாமல் இருக்க ஒரு ஆணியும் அடுப்புக்கரியும் நான்கு காய்ந்த மிளகாயும் செருகியாகிவிட்டது. இனி முட்டையை வைக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் அடை வைப்பதற்குக் கைராசி பார்ப்பார்கள். யார் கையால் வைத்தால் முழுதும் பொரிக்கும், யார் கையால் வைத்தால் பாதி வீணாகும் என்று தெருவுக்கே தெரியும். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் கை பெயர் பெற்ற கை. ஆறு பிள்ளை பெற்றவர் என்பதால் அவரைத்தான் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். வைப்பவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்க வேண்டும், கிழக்குப் பார்த்து உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாதான் வைப்பாள். அன்றைக்கு அம்மா கூடையை அத்தை பக்கம் நகர்த்தினாள்.

"நீ வை."

"நான் வேணாம் அண்ணி. நீங்களே வைங்க."

"வைன்னா வை. கோழிதான அடை காக்கப்போவுது, நீயா காக்கப்போற."

அத்தை கையை முந்தானையில் இரண்டு தரம் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முட்டையையும் கண்ணாடிச் சாமான் வைக்கிற மாதிரி வைத்தாள். பதின்மூன்று முட்டை வைக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டவளை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

மறுநாள் குழாயடியில் பெரியம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் குடத்துக்குப் பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் பொருட்படுத்தவில்லை. "போயும் போயும் அவ கையாலயா வக்கச் சொல்லணும்? பதிமூணும் கூமுட்டதான். அந்த வீட்டுக் குட்டி இருக்கே, அது கையால வச்சிருந்தாக்கூட நாலாவது பொரிச்சிருக்கும்."

எனக்குக் கவலையாகிவிட்டது. அத்தைக்காக இல்லை. அழுகிய முட்டையிலிருந்து சேவல் வராதே என்றுதான். ஆனால் பெரியம்மாவின் பேச்சிலேயே வழியும் இருந்ததை நான் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டுக் குட்டி என்றால் நான். ராசியில் பேர்போன அந்த அம்மாளே என் கைக்கு நாலு குஞ்சு என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வாய்த்தது. அம்மா உளுந்து வயலைப் பார்க்கப் போயிருந்தாள், அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். முறை தவறக்கூடாது என்று நான் ரசம் சாதம் மூன்று தரம் போட்டுக்கொண்டு, மூச்சு முட்டச் சாப்பிட்டேன். கறுப்புக் கோழி நாளுக்கு ஒருமுறைதான் இறங்கும், குப்பையைக் கிளறி நான்கு வாய் தின்றுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். அது இறங்கியதும் நான் முறத்தில் வைக்கோலைப் போட்டு, பதின்மூன்று முட்டையையும் வெளியே எடுத்தேன். எல்லாம் வெதுவெதுவென்று இருந்தன. கிழக்கு எது என்று ஒரு நிமிஷம் குழம்பி, பிறகு தென்னை மரத்தைப் பார்த்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். பதினொன்றாவது முட்டையில் கோழி வந்துவிட்டது. அது கத்திய கத்தலில் நான் மீதி இரண்டையும் உள்ளே தள்ளுவதற்குள் மணிக்கட்டில் ரத்தம். செவலை கொத்திவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அதன் மேல் பழி போட எனக்குக் கொஞ்சமும் கூசவில்லை.

எட்டாம் நாள், நெல் மூட்டை அடுக்கிய இருட்டறைக்குள் முட்டைகளைக் கொண்டுபோய் அத்தை செல்போன் விளக்கை அடியில் பிடித்தாள். முட்டை சிவப்பாக எரிந்தது. உள்ளே வேர் மாதிரி நரம்புகள், நடுவில் ஒரு புள்ளி, அது விட்டு விட்டு அசைந்தது.

"துடிக்குதுடி," என்றாள் அத்தை. அந்த ஒரே முட்டையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறிவிடும், கொண்டுவந்து வை என்று அம்மா வெளியிலிருந்து குரல் கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கோ பெருமை தாங்கவில்லை. என் கை வேலை செய்கிறது. ஆனால் அடைமுட்டையைத் தொட்டேன் என்று தெரிந்தால் அம்மா முதுகில் போடுவாள் என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயதில் அது எவ்வளவு பெரிய தவம் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

இருபத்தோராம் நாள் காலையில் கூடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஊசி முனை அளவு சத்தம். நான் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று தூணைக் கட்டிக்கொண்டேன். அப்பா கூடச் சரி என்று சொல்லிவிட்டார். முதல் முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து ஒரு மூக்கு. பிறகு அடுத்தது, அதற்கு அடுத்தது. ஈரமும் பிசுக்குமாக வெளியே விழுந்தவை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பஞ்சுப் பொதியாகிவிட்டன. நான் குதித்தேன், கத்தினேன், கோழியிடம் மறுபடியும் கொத்து வாங்கினேன். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டு. ஒன்றுதான் பொரிக்கவில்லை.

"அண்ணி, பன்னெண்டு," என்று அத்தை சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மாமாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னாள். அவர் என்ன கேட்டாரோ, போனைக் காதில் வைத்தபடியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டாள். யார் வீட்டிலும் எதையும் கைமாற்று வாங்காத அம்மா, அன்றைக்கு நொய் கேட்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போய்ப் பெரியம்மாவைக் கையோடு கூட்டிவந்து கூடையைக் காட்டினாள். எங்கள் வீட்டில் ஒரு தூக்கு நிறைய நொய் இருந்தது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு எங்கள் பகல் எல்லாம் குஞ்சுகளைச் சுற்றித்தான். மண்சட்டியில் சாணமும் ஈர வைக்கோலும் அடைத்து, சாயங்காலம் தரையில் கவிழ்த்து வைத்தால் காலையில் சட்டி கொள்ளாத கரையான். அதைத் தட்டிவிட்டதும் பன்னிரண்டும் பாய்ந்து வந்து தின்னும் அழகை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பருந்து ஏமாறட்டும் என்று அத்தை எல்லாவற்றுக்கும் ரோஸ் சாயம் பூசிவிட்டாள். அப்படியும் பருந்து இரண்டைத் தூக்கியது, கீரி ஒன்றைக் கொண்டுபோயிற்று. மீதி ஒன்பது நின்றது. எங்கள் தெருவில் ஒரே அடையில் ஒன்பது நின்றதாக யாருக்கும் ஞாபகம் இல்லை. அதில் ஐந்து சேவல்.

ஐந்தில் நெஞ்சை நிமிர்த்தி நடந்ததை நான் எடுத்துக்கொண்டு கலெக்டர் என்று பெயர் வைத்தேன். பழைய சோற்றில் முதல் கவளம் அதற்குத்தான். ஆடி மாதம் ஒருநாள் காலையில் கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரத்தைத் தூக்கியதும் கலெக்டர் கழுத்தை நீட்டி, துருப்பிடித்த அடிபம்பு மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதுதான் அதன் முதல் கூவல். நானும் அத்தையும் கொல்லையில் கைகோத்து ஆடினோம். நாங்கள் ஆடுவதைப் பார்க்கவோ என்னவோ செவலை வேலி தாண்டி வந்தது. கலெக்டர் நகரவில்லை. இரண்டும் தலையைத் தாழ்த்தி, மூக்கோடு மூக்கு வைத்து நின்றன. இரண்டு முறை எகிறின, மூன்றாவது முறை கலெக்டரின் கால் செவலையின் நெஞ்சில் பட்டது. செவலை ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி நடந்தது, பிறகு நடையைக் கூட்டியது, வேலியை அடையும்போது ஓடிக்கொண்டிருந்தது. அப்பனும் மகனும்தான் மோதிக்கொண்டார்கள் என்று தெரியாமல் நான் தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

சற்று நேரத்தில் பெரியம்மா வந்தார். சேவலுக்காகச் சண்டைக்கு வருகிறார் என்று நான் அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவரோ அத்தையைத்தான் தேடினார்.

"எங்க கோழி அடைக்கு ஒக்காந்திருக்கு. நீ ஒரு எட்டு வந்து, ஒங் கையால வச்சுக் குடும்மா."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். அத்தை சாப்பிட்டாள், முகம் கழுவினாள், பெட்டியிலிருந்து பச்சைப் புடவையை எடுத்துக் கட்டினாள். எதிர்வீட்டுக்குப் போவதற்கு யாராவது பட்டுக்கரைப் புடவை கட்டுவார்களா? அவள் கண்ணாடிக்கு முன்னால் பாடிக்கொண்டே பொட்டு வைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவள் போய் வைக்கப்போகிறாள், எல்லாம் கூமுட்டையாகப் போகிறது, தெருவே சிரிக்கப்போகிறது. உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான். அத்தையைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. எனக்கு அத்தையை அவ்வளவு பிடிக்கும்.

கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். குழாயடியில் பெரியம்மா சொன்னது, மூன்று தரம் ரசம் சாதம், முறம், தென்னை மரம், பதின்மூன்றையும் எடுத்துத் திரும்ப வைத்தது. மணிக்கட்டுத் தழும்பையும் காட்டினேன். கவலைப்படாதே, நானும் கூட வருகிறேன், நீ வைக்கிற மாதிரி வை, பிறகு யாருக்கும் தெரியாமல் நான் எடுத்து வைத்துவிடுகிறேன் என்று யோசனையும் சொன்னேன்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை.

"எந்தக் கையால வச்ச?"

நான் வலது கையை நீட்டினேன். அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பச்சைப் புடவையின் மடிப்பை விலக்கி, என் உள்ளங்கையைத் தன் அடிவயிற்றில் வைத்து, மேலே தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு கண்ணை மூடினாள். அவள் வயிறு சூடாக இருந்தது. வாசலில் பெரியம்மா அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை கண்ணைத் திறக்கவில்லை.

"வயிறு வலிக்குதா அத்தே?"

"ஆமாண்டி. கொஞ்ச நேரம் அப்படியே வச்சிரு, எடுத்துராத."

கை மரத்துப் போனது, ஆனாலும் நான் எடுக்கவில்லை. வயிற்று வலிக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். ஓமத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.